வவுச்சர் இல்லாத துரு

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறை. மேசை மேல் 1/35 அளவில் ஒரு ஜெர்மன் டைகர் டாங்கி. பி.காம். படிக்கிற பையன் ஒருவன் மூன்று மாசம் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, கடைசியில் "வெதரிங்" முடித்து வைத்திருக்கிறான். தலை முதல் கால் வரை துரு. மூலை முடுக்கெல்லாம் பெயிண்ட் உரிந்திருக்கிறது. டர்ரெட்டில் இருந்து காவி நிறத்தில் கோடு கோடாக ஒழுகியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து டவுன் பஸ் பிடித்து வந்த கூட்டாளி, அதைக் கையில் வாங்காமலே சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"மாப்ள, இது எந்தக் கடல்ல முங்கிக் கிடந்துச்சு?"

பையனுக்குக் கோபம். அப்புறம் ரெண்டு நாள் பேச்சே இல்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிற பாதிப் பேரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ராணுவ வண்டிகளின் சிறு மாதிரிகள் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடிக்க வேண்டும். 1/35 என்றால் நிஜ வண்டியில் 35 செ.மீ. இருப்பது மாதிரியில் 1 செ.மீ. ஏன் 30 இல்லை, 40 இல்லை, 35? ஜப்பானின் டமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்த ஒரு பேந்தர் டாங்கி போட்டது. உள்ளே ரெண்டு பேட்டரி அடங்க வேண்டும். அதற்கு ஏற்ற அளவு 1/35 என்று வந்தது. இன்றைக்கு அதுதான் உலகத்துக்கே வேதம்!

பெயிண்ட் அடித்து முடித்தால் அது பொம்மை மாதிரி பளபளவென்று இருக்கும். அதை உழைத்த வண்டியாகக் காட்ட அழுக்கு, தூசி, கீறல், புகை, துரு எல்லாம் வரைவதுதான் வெதரிங். ஆயில் கலரில் பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்த்து இடுக்குகளில் ஓடவிடுவார்கள். ஸ்பாஞ்ச் துண்டால் தொட்டுத் தொட்டுப் பெயிண்ட் உரிந்த மாதிரி செய்வார்கள். சாக்பீஸ் பொடியைத் தூசியாகத் தடவுவார்கள். உண்மையிலேயே அழகான வேலை. வருஷக்கணக்கில் கை பழக வேண்டிய வேலை.

இங்கே குறை சொல்லப்படுவது வேலையை அல்ல, பொய்யை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு வெதரிங் என்றால் என்ன என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். தேய்மானம். பதினோராம் வகுப்பிலேயே படித்ததுதான். ஒரு சொத்தின் மதிப்பு ஏன் குறைகிறது? பயன்படுத்துவதால், காலம் கடப்பதால். காரணம் இல்லாமல் தேய்மானம் எழுத முடியாது. இந்த மெஷின் எப்போது வாங்கியது, எத்தனை வருஷம் ஓடியது என்று ஆடிட்டர் கேட்பார். பதில் இல்லாவிட்டால் கணக்கு பொய்க்கணக்கு.

மாதிரி டாங்கியிலும் ஒவ்வொரு கீறலும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வவுச்சர் வேண்டும். இந்த இடத்தில் பெயிண்ட் ஏன் போயிற்று? யார் கால் பட்டது? எந்த மரம் உரசியது? இந்தச் சேறு எந்த ஊர்ச் சேறு? பதில் இருந்தால் அது வெதரிங். பதில் இல்லாவிட்டால் அது வெறும் பழுப்புப் பெயிண்ட்.

அந்த மாடி அறை டைகரையே கணக்குப் பார்ப்போம். டைகர் டாங்கி உற்பத்தி தொடங்கியது 1942 ஆகஸ்டில், நின்றது 1944 ஆகஸ்டில். ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மேயில். ஆக, போர் முடியும்போது இருந்த மிகப் பழைய டைகருக்குக்கூட மூன்று வயசு நிரம்பவில்லை. மூன்று வயசு மினி பஸ்ஸை ராஜபாளையத்தில் புது வண்டி என்பார்கள். பல டைகர்கள் களத்துக்குப் போன சில மாதங்களிலேயே அழிந்தன. துருப்பிடிக்க அவற்றுக்கு நேரமே கிடைக்கவில்லை!

அடுத்தது அளவு. பலர் மறந்தே போகிற விஷயம். 1/35 மாதிரியில் 1 மி.மீ. அகலத்தில் ஒரு பெயிண்ட் உரிசல் போட்டால், நிஜ டாங்கியில் அது 3.5 செ.மீ. அப்படி நூறு உரிசல் என்றால், அந்த வண்டிக்குப் பெயிண்ட் அடித்த காண்ட்ராக்டரைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும் :-) அரை மி.மீ. மணலை அப்படியே ஒட்டினால் அது நிஜத்தில் 17.5 மி.மீ. ஜல்லி. தூசி என்று நினைத்து ஜல்லியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மண்ணை மெல்லிய துணியில் சலித்து, மாவு மாதிரி விழுவதை மட்டும்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எது துருப்பிடிக்கும், எது பிடிக்காது என்ற சாதாரண அறிவு. எம்-113 கவச வண்டியின் உடல் அலுமினியம். பெயிண்ட் உரிந்தால் வெள்ளி மாதிரி மின்னும். அதில் செந்துரு வரைகிறவரை என்ன சொல்ல? சக்கரத்தைச் சுற்றியிருக்கிற ரப்பரில் துரு வராது, ஆனால் அதற்கும் பழுப்பு அடித்திருப்பார்கள். சங்கிலிப்பட்டையில் தரையைத் தொடும் பகுதி ஓட ஓடத் தேய்ந்து பளபளக்கும். பழுப்பேறுவது தேயாத இடங்களில். சைலன்சர் துருப்பிடிக்கும், அது நியாயம். சூட்டில் பெயிண்ட் எரிந்துபோகும், வெறும் இரும்பு வெளியே வரும், மழை பட்டால் துரு. காரணம் இருக்கிறது, வவுச்சர் இருக்கிறது.

இதையெல்லாம் படிக்க லண்டன் மியூசியத்துக்குப் போக வேண்டாம். பஞ்சு மார்க்கெட்டில் நிற்கிற லாரிகளைப் பார்த்தால் போதும். டிரைவர் கால் வைத்து ஏறுகிற படியில் பெயிண்ட் இருக்காது. பக்கத்திலேயே ஒரு சாண் தள்ளி முழுசாக இருக்கும். கதவுப் பிடியைச் சுற்றிக் கைப்பிசுக்கு. டீசல் ஊற்றுகிற வாய்க்குக் கீழே மட்டும் கறுத்த ஒழுகல், அதன் மேல் மட்டும் தூசி ஒட்டிக் கெட்டியாக இருக்கும். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து போகிறவர்கள் தேய்த்த இடம் மட்டும் வழவழ என்று இருக்கும். எங்கே மனுஷன் தொட்டானோ அங்கே தேய்ந்திருக்கும். எங்கே தொடவில்லையோ அங்கே தூசி சேர்ந்திருக்கும். டாங்கியும் அப்படித்தான். நாலு பேர் அதன் மேல் ஏறி இறங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். அந்த நாலு பேர் எங்கே கால் வைப்பார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே பெயிண்ட் போகும் என்று தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் புரிய வேண்டும். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடுகிற ஊர். தேரில் எந்த இடத்தில் எண்ணெய் ஏறியிருக்கிறது, வடம் எங்கே உரசுகிறது, கை பட்டுப் பட்டு எந்த மரம் கறுத்திருக்கிறது என்று சின்ன வயசில் இருந்து பார்த்து வளர்ந்தவர்கள். தென் மாவட்டத்துப் பிள்ளைகள் அட்டையையும் குச்சியையும் வைத்துச் சின்னச் சப்பரம் கட்டித் தெருவில் இழுக்கிறார்கள். அதுவும் ஒரு ஸ்கேல் மாடல்தான். அந்தப் பிள்ளையிடம் போய், "இதுக்குக் கொஞ்சம் துரு அடிச்சா நல்லாயிருக்கும் தம்பி" என்று யாராவது சொன்னால் சிரிப்பான். ஏனென்றால் அவனுக்குத் தேர் தெரியும். டைகர் செய்கிறவனுக்கு டைகர் தெரியாது. தெரியாததை மறைக்க வசதியான போர்வை துரு.

இப்போது அடுத்த கேள்வி. ஏன் டைகர்?

மொத்தம் செய்யப்பட்ட டைகர்-1 டாங்கிகள் சுமார் 1,350. அமெரிக்க ஷெர்மன் ஏறக்குறைய 50,000. ஆனால் மாடல் கடை அலமாரியைப் பார்த்தால், உலகப் போரையே டைகர்தான் நடத்தியது மாதிரி இருக்கும். அதிலும் மிகெல் விட்மன் என்பவரின் டாங்கி ரொம்பப் பிரபலம். அவர் வண்டி எண் ஸ்டிக்கர் போட்டே சில பெட்டிகள் வருகின்றன. எத்தனை டாங்கி சுட்டார் என்று பாட்டாகப் பாடுவார்கள். அவர் ஹிட்லரின் எஸ்.எஸ். படையைச் சேர்ந்தவர் என்பதை மட்டும் யாரும் பாட மாட்டார்கள். சரித்திரம் தெரிந்தே செய்தால் அது வேறு. தெரியாமல், "செம கெத்து மச்சி" என்று செய்வதுதான் பிரச்சினை. எஸ்.எஸ். முத்திரையை ஒரு நூல் கோணாமல் ஒட்டத் தெரிகிறது. அந்த முத்திரை யாருடையது என்று படிக்க மட்டும் நேரமில்லை.

"இந்திய வண்டிக்குக் கிட் கிடைக்காதே பாஸ்" என்பது வழக்கமான பதில். அரைப் பொய். இந்திய ராணுவம் ஓட்டிய சென்சூரியன், ஷெர்மன், ஸ்டுவர்ட், ஏ.எம்.எக்ஸ்-13, பி.டி-76, டி-55, டி-72 எல்லாவற்றுக்கும் 1/35-இல் கிட் வந்திருக்கிறது. கிட் இருக்கிறது. தேடுகிற புத்திதான் இல்லை.

ஸ்டுவர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1948 நவம்பர் 1 அன்று, ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில், சோஜிலா கணவாயில் இந்திய ராணுவம் ஸ்டுவர்ட் டாங்கிகளை ஏற்றியது. அவ்வளவு உயரத்துக்கு டாங்கி வரும் என்று எதிரி கனவிலும் நினைக்கவில்லை. ரகசியம் காக்க டர்ரெட்டைத் தனியாகக் கழற்றி, தார்ப்பாய் போட்டு மூடி மலைப்பாதையில் கொண்டுபோனார்கள். ஒரு மாடல் செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? டர்ரெட் இல்லாத டாங்கி, மேலே தார்ப்பாய், பனி, உருகிய சேறு. அந்தத் தார்ப்பாய்க்கு வெளிநாட்டில் இருந்து ஒன்றும் வரவழைக்க வேண்டாம். ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அந்தத் துணித் துண்டைத் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் முக்கிப் போர்த்தினால், காய்ந்ததும் 1/35 தார்ப்பாய். கொஞ்சம் பிரித்துவிட்டால் மறைப்பு வலை. ஊரே சப்ளை செய்கிற ஊர்!

1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபில் அசல் உத்தர் சண்டை. வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் கரும்புக்காட்டுச் சேற்றில் சிக்கின. ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு நின்று சுட்டு, அங்கேயே உயிரை விட்டவர் அப்துல் ஹமீது. பரம் வீர் சக்கரம் பெற்றவர். அங்கே சேறு இடுப்பளவு வர வேண்டும். ஆனால் அது பஞ்சாப் ஆற்று வண்டல் மண். அதற்குப் போய் விருதுநகர் கரிசலைப் பூசினால் அதுவும் பொய்க்கணக்குதான்.

1971 நவம்பரில் கரீப்பூர். இன்றைய பங்களாதேஷ் மண். ஈர நிலம், காலை மூடுபனி. இந்தியாவின் பி.டி-76, தண்ணீரில் நீந்துகிற லேசான டாங்கி. எதிரே பாகிஸ்தானின் சாஃபி. அதே வருஷம் டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில் சென்சூரியனில் இருந்து இறங்க மறுத்து இறந்த அருண் கேத்தர்பாலுக்கு வயசு 21. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவனின் வயசு. இந்தப் பெயரைச் சொன்னால் முழிக்கிறவர்கள், விட்மன் எந்தத் தேதியில் எந்தத் தெருவில் நின்றார் என்று மூச்சுவிடாமல் சொல்கிறார்கள்.

கிட் சுலபமாகக் கிடைக்காத வண்டி ஒன்றும் உண்டு. விஜயந்தா. பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியோடு 1961-இல் ஒப்பந்தம் போட்டு, 1965-இல் சென்னைக்குப் பக்கத்தில் ஆவடியில் இருந்து வெளிவரத் தொடங்கிய டாங்கி. ஏறக்குறைய 2,200 செய்தார்கள். டைகர்-1ஐவிட அதிகம் என்பதைக் கவனிக்க! தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் செய்த டாங்கி. இன்றைக்கு சேவையில் இல்லை. அதை பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டி உருவாக்குகிறவன்தான் உண்மையான மாடலர். கணக்கும் வசதி. அதன் பீரங்கி 105 மி.மீ. 35-ஆல் வகுத்தால் 3 மி.மீ. சரியாக. குழல் வாய்க்கு 3 மி.மீ. துவாரம் உள்ள ஏதாவது ஒரு குழாயைத் தேடினால் ஆயிற்று. பக்கத்துக்கு ஆறு சக்கரம். ஸ்டிக்கர் வேண்டுமா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் சிவகாசி. இந்தியா முழுக்கக் காலண்டர் அச்சடிக்கிற ஊரில் நாலு எண்ணும் ஒரு சின்னமும் அச்சடிக்க வழியா இல்லை?

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கும் வருவோம்.

ஒன்று: "இது கலை. கலையில் லாஜிக் பார்க்கக் கூடாது." நல்ல வாதம். ஆனால் இதைச் சொல்கிறவர்களே, டர்ரெட்டில் ஒரு போல்ட் குறைந்தால் கிட் கம்பெனியைத் திட்டித் தீர்க்கிறார்கள். போல்ட்டுக்குச் சரித்திரம் வேண்டும், துருவுக்கு மட்டும் கலைச் சுதந்திரமா? கலை என்றால் கடைசி வரை கலை என்று இருக்கட்டும். "1944, நார்மண்டி" என்று அடியில் பெயர்ப்பலகை எழுதிய நிமிஷமே அது சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டுவிட்டது. சாட்சி பொய் சொல்லக் கூடாது. துரு வேண்டும் என்று அவ்வளவு ஆசையா? 1965-இல் பிடிபட்ட ஒரு பேட்டன் வருஷக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடப்பதைச் செய்யுங்கள். ஆசை தீரத் துரு அடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு: "இவ்வளவு காசு போட்டு வாங்கி, இவ்வளவு ஆராய்ச்சியா?" விலை உண்மைதான். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆயிற்று, 2023-இல் 70 ஆயிற்று. ஸ்கேல் மாடலும் சுங்கக் கணக்கில் பொம்மைத் தலைப்பில்தான் வரும். வீட்டில், "ஏன்டா, இந்தக் காசுக்கு ஒரு பவுன்ல கொஞ்சமாவது சேத்துருக்கலாம்ல" என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதனால்தான் ஆராய்ச்சி வேண்டும். நாலாயிரம் ரூபாய்க்கு வாங்கியதை ரெண்டு நாளில் பழுப்பாக்குவது செலவு. அதே நாலாயிரத்தில் ஒரு சண்டையை, ஒரு நிலத்தை, நாலு மனிதர்களைத் தெரிந்துகொள்வது முதலீடு.

மூன்றாவது வாதம்தான் கனமானது: "போர் வண்டியைப் பொம்மை செய்து அலமாரியில் வைத்து ரசிப்பதே அசிங்கம் இல்லையா?"

இதற்கு இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் பெரும்பாலும் பதில் சொல்வதில்லை. நழுவிவிடுவார்கள். ஆனால் தமிழில் எழுதுகிற, படிக்கிற ஒருவன் நழுவ முடியாது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் நுழைந்த இந்திய அமைதிப்படையிடம் டி-72 டாங்கிகள் இருந்தன. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் அது கிட் பெட்டி. அந்தப் பக்கம் அது வீட்டுச் சுவருக்கு வெளியே கேட்ட சத்தம். இலங்கைத் தமிழர் முகாம்கள் விருதுநகர் மாவட்டத்திலும் இருக்கின்றன. அங்கே இருக்கிற ஒரு பெரியவரிடம் போய் டி-72 மாதிரியைக் காட்டி, "வெதரிங் எப்படி இருக்கு ஐயா?" என்று கேட்க முடியுமா? கேட்க முடியாது என்றால், அது ஏன் என்று யோசிக்க வேண்டும்.

பதில், மாடல் செய்யக் கூடாது என்பதல்ல. பொய்யாகச் செய்யக் கூடாது என்பதுதான். டாங்கி எங்கேயும் தானாகப் போவதில்லை. அது ஒரு ஊருக்குள் போகிறது. அதன் சங்கிலியில் ஒட்டியிருப்பது யாரோ ஒருவரின் வயல் மண். யாழ்ப்பாணத்து டி-72 செய்தால் அதில் ஒட்ட வேண்டியது அந்த ஊர்ச் செம்மண். அந்த மண்ணைச் சலித்துப் பூசுகிறபோது, இது யாருடைய தோட்டம் என்று ஒரு நிமிஷம் கை நிற்க வேண்டும். அப்படி நின்றால் அந்த மாடல் போரை ரசிக்கவில்லை, போரை நினைவு வைத்திருக்கிறது. பொதுவான துரு, பொதுவான அழுக்கு, பொதுவான சேறு எல்லாம் செய்கிற தப்பு இதுதான். எந்த ஊரிலும் நடக்காத, யாரும் சாகாத ஒரு போரை அது காட்டுகிறது. அதுதான் உண்மையான அசிங்கம்.

மாடி அறைக்குத் திரும்புவோம். ரெண்டு நாள் கழித்து பையன் போன் பண்ணினானாம். கூட்டாளி மறுபடி பஸ் ஏறி வந்தான், கையில் பால்கோவாவோடு, சமாதானத்துக்கு. டைகர் மேசையில் இல்லை, அலமாரி மேலே ஏற்றியாயிற்று. மேசையில் சென்சூரியன் படங்கள், பசந்தர் பகுதி வரைபடம். கிட் இன்னும் வாங்கவில்லை.

"டிசம்பர்ல அங்க மண்ணு எப்படி இருக்கும் மாப்ள, ஈரமா, காஞ்சா?" என்றான் பையன்.

பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. இனி அவன் டாங்கியில் எங்கேயாவது துரு இருந்தால், அதற்கு வவுச்சர் இருக்கும்.